முப்பது லட்சத்தில் நிற்கும் கோடு



தீபாவளி முடிந்து இரண்டு நாளாகச் செங்கல்பட்டில் விடாத மழை. கொளவாய் ஏரிப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து, மூன்று வாரமாக மனதில் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று போனை எடுத்தேன். நீளமான பதிவு. பாதியில் ஓடுகிறவர்கள் ஓடலாம், நான் இப்போது அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை.

விஷயம் வீட்டுக் கடன். இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டுக் கடனுக்கு மேலிருந்து போடப்படும் வரம்புகள். இந்த ஊருக்கு இவ்வளவு, அந்த ஊருக்கு அவ்வளவு, இந்தத் தொகை வரை ஒரு விதி, அதற்கு மேல் இன்னொரு விதி என்று போடுகிறார்களே, அவை. அந்தக் கோடுகள் எப்போது நகர்கின்றன, எப்போது நகராமல் நிற்கின்றன என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சொந்தக்காரர்களுக்குத் தெரியும் யார் என்று, பெயர் வேண்டாம். 2019-இல் திருக்கழுக்குன்றம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னத் தனி வீடு 27 லட்சத்துக்கு வந்தது. கையில் 4 லட்சம் வைத்திருந்தான். "மாமா, வாங்கட்டுமா?" என்று என்னிடம் வந்தான். நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பேங்க் 90 சதவீதம் கொடுத்தால் 24 லட்சத்து 30 ஆயிரம். கைக்காசு 2 லட்சத்து 70 ஆயிரம். அப்போது பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். அது 2 லட்சத்து 97 ஆயிரம். மொத்தம் 5 லட்சத்து 67 ஆயிரம் வேண்டும். இடிப்பது 1 லட்சத்து 67 ஆயிரம்.

"அவசரப்படாதே, இரண்டு மூன்று வருஷம் சேர்த்துக்கொண்டு வா. வட்டிக்கு வாங்கி வீடு வாங்கினால் வீடு நிற்கும், நீ நிற்க மாட்டாய்" என்று பெரிய மனிதத்தனமாகச் சொல்லி அனுப்பினேன். அவனும் கேட்டுக்கொண்டான். என் பேச்சைக் கேட்கிற பிள்ளைகளுக்கு நடப்பதெல்லாம் இப்படித்தான்.

நடுவில் கொரோனா, பிறகு அவனுக்குக் குழந்தை. இந்த வருஷம் மறுபடியும் வந்தான். அதே தெருவுக்குப் பின்தெரு, அதே அளவு வீடு, 36 லட்சம். கையில் இப்போது ஏழரை லட்சம் இருக்கிறது. ஆறு வருஷத்தில் மூன்றரை லட்சம் சேர்த்திருக்கிறான். வாடகை கொடுத்து, குழந்தையை வளர்த்து, அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து அவ்வளவு சேர்ப்பது சின்ன விஷயமில்லை. பத்திரச் செலவும் இப்போது குறைந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள், ஆக மொத்தம் 9. சரி, இந்தத் தடவை சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

36 லட்சத்துக்கு 90 சதவீதம் 32 லட்சத்து 40 ஆயிரம். கைக்காசு 3 லட்சத்து 60 ஆயிரம், பத்திரத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். மொத்தம் 6 லட்சத்து 84 ஆயிரம். ஏழரை லட்சத்தில் போக 66 ஆயிரம் மிச்சம். கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கு ஆயிற்று என்றேன்.

பேங்கில் 30 லட்சம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு சிபில் சரியாக இருக்கிறது, சம்பளம் போதும், மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் சுத்தம். பின் ஏன்? விதி அப்படி. பேங்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் வரை இருந்தால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான். 75-க்கு மேல் 75 சதவீதம். இவனுக்கு 32 லட்சத்து 40 ஆயிரம் கேட்டால் அது 30-ஐத் தாண்டுகிறது, 80 சதவீத விதிக்குள் விழுகிறது. 36 லட்சத்தில் 80 சதவீதம் 28 லட்சத்து 80 ஆயிரம். அதைவிட 30-இல் நின்றுகொள்வது மேல்.

கணக்கு வாத்தியாராக இருந்தவன் இல்லையா, வீட்டுக்கு வந்து இதைத் தலைகீழாகவும் போட்டுப் பார்த்தேன். 33 லட்சத்து 33 ஆயிரம் மதிப்புள்ள வீட்டுக்கு 30 லட்சம் கடன் கிடைக்கும். 37 லட்சத்து 50 ஆயிரம் மதிப்புள்ள வீட்டுக்கும் அதே 30 லட்சம்தான் கிடைக்கும். நடுவில் உள்ள 4 லட்சத்து 17 ஆயிரமும் முழுக்க முழுக்க வாங்குகிறவனின் பையிலிருந்து வரவேண்டும். விலை ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும் கைக்காசு. பத்தாம் வகுப்பில் வரைபடத்தாள் கொடுத்து வரையச் சொல்வேனே, அதில் போட்டால் கோடு சாய்வாக ஏறி, 30-இல் படுத்து, பிறகு சாய்வு குறைந்து ஏறும். இந்தப் படுத்திருக்கும் இடத்தில்தான் இன்றைக்குச் செங்கல்பட்டில் நடுத்தர வீடுகள் விற்கின்றன.

ஆக இவனுக்கு வேண்டியது கைக்காசு 6 லட்சம், பத்திரத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம், மொத்தம் 9 லட்சத்து 24 ஆயிரம். இருப்பது ஏழரை. இடிப்பது 1 லட்சத்து 74 ஆயிரம்.

2019-இல் இடித்தது 1 லட்சத்து 67 ஆயிரம். ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பிறகு பள்ளம் ஏழாயிரம் ரூபாய் ஆழமாகியிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இந்த 30 லட்சக் கோடு எப்போது போட்டது என்று தேடிப் பார்த்தேன். 2010 கடைசியில் ரிசர்வ் வங்கி முதல்முறையாக இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. பொதுவாக 80 சதவீதம், சிறிய கடன் என்றால் 90. சிறிய கடன் என்பது அப்போது 20 லட்சம் வரை. 2015 அக்டோபரில் அந்த 20-ஐ 30 ஆக்கினார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு தடவை நகர்ந்தது, நியாயம்தான். அதற்குப் பிறகு? 2025 அக்டோபரோடு பத்து வருஷம் ஆனது. அதே 30. மேலே உள்ள 75 லட்சக் கோடும் 2013-இல் இருந்து அதே இடத்தில்.

பேச்சுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டியிருந்தால்கூட 30 லட்சம் இன்றைக்கு ஏறத்தாழ 49 லட்சம் ஆகியிருக்கும். (கூட்டு வட்டிக் கணக்கு. சந்தேகம் இருக்கிறவர்கள் போட்டுப் பாருங்கள். 1994 பேட்ச், உங்களைத்தான் சொல்கிறேன்.) 49 வேண்டாம், 35 ஆக்கியிருந்தாலே என் தங்கை மகனுக்குப் பள்ளமே இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வரம்பு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஏப்ரல் மாதம் எல்லோரும் அனுப்பினீர்களே, "வீட்டுக் கடன் வரம்பு 50 லட்சமாக உயர்வு" என்று, அது. அது முன்னுரிமைக் கடன் வரம்பு. பேங்குகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில், கல்வி, சிறிய வீடு போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த வீட்டுக் கடன் அந்தக் கணக்கில் சேரும் என்பதற்கான கோடுதான் இது. அதற்கு மேல் கடன் கிடைக்காது என்று அர்த்தமில்லை. ஆனால் கணக்கில் சேரும் கடன் என்றால் மேனேஜருக்கு ஒரு ஆர்வம் இருக்கும், அவ்வளவுதான். பேங்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நான் சொல்வது தப்பென்றால் திருத்துங்கள்.

இந்தக் கோட்டின் கதைதான் எனக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தது, ஏனென்றால் இதில் ஊர் வருகிறது. 2007-இல் 20 லட்சம், 2011-இல் 25 லட்சம். இரண்டிலும் எந்த ஊர் என்ற கேள்வியே கிடையாது. சென்னைக்கும் அதுதான், செய்யூருக்கும் அதுதான். 2012-இல் பிரித்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள இடம் என்றால் 25 லட்சம், மற்ற இடங்களுக்கு 15. அதாவது நமக்கு ஒரே நாளில் பத்து லட்சம் இறங்கியது. 2015-இல் 28, 20. 2018-இல் 35, 25. வீட்டின் மொத்த விலையும் 45 லட்சம், 30 லட்சத்துக்குள் இருக்கவேண்டும் என்றார்கள். பிறகு ஏழு வருஷம் அசையவில்லை. 2025 ஏப்ரலில்தான் மூன்றாகப் பிரித்தார்கள். ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் இடத்தில் 50 லட்சம் கடன், 63 லட்ச வீடு. பத்திலிருந்து ஐம்பது லட்சம் பேர் உள்ள இடத்தில் 45 லட்சம் கடன், 57 லட்ச வீடு. அதற்குக் கீழே உள்ள ஊர்களுக்கு 35 லட்சம் கடன், 44 லட்ச வீடு.

உள்ளதைச் சொல்ல வேண்டும், 2012-இல் இருந்து பார்த்தால் பெருநகரத்துக்கு இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, நம்மைப் போன்ற ஊருக்கு இரண்டே கால் மடங்குக்கு மேல். விகிதத்தில் நமக்குக் குறை இல்லை. என் குறை வேறு. எந்த ஊர் எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மக்கள்தொகையை வைத்து. மக்கள்தொகை எந்த வருஷத்தது? 2011. அதற்குப் பிறகு இந்த நாட்டில் தலை எண்ணவே இல்லை. 2021-இல் எண்ணியிருக்க வேண்டும், கொரோனாவில் நின்றது. இப்போது 2027 மார்ச் முதல் தேதியை வைத்து எண்ணப்போவதாக அறிவித்திருக்கிறார்கள்.

2011-இல் செங்கல்பட்டு நகராட்சி என்றால் அறுபத்து இரண்டாயிரம் சொச்சம் பேர். அப்போது நாம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29-ஆம் தேதி தனி மாவட்டம் ஆனோம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையையே 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 ஆக விரித்தார்கள். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. விலை கேட்டால் "சென்னைக்குப் பக்கம் சார், அரை மணி நேரம்" என்கிறார் புரோக்கர். கடன் கேட்டால் நாம் அறுபத்து இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். விற்கிறவனுக்குச் சென்னை, வாங்குகிறவனுக்குச் செங்கல்பட்டு.

நியூஜெர்சியில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தியிடம் போனில் புலம்பியபோது, அங்கே எப்படி என்று சொன்னாள். அங்கும் வீட்டுக் கடனுக்கு இப்படி ஒரு அரசாங்கக் கோடு உண்டு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசியில், வீட்டு விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அதே அளவுக்குக் கோட்டையும் ஏற்றி அறிவிக்கிறார்கள். அதுவும் கவுண்டி வாரியாக, நம் மாவட்டம் மாதிரி. 2025-க்கு அடிப்படை வரம்பு 8,06,500 டாலர். விலை அதிகமான கவுண்டிகளில் அதைப்போல ஒன்றரை மடங்கு வரை போகும். யாரும் மனு கொடுக்க வேண்டாம், யாருக்கும் மாலை போட வேண்டாம். சட்டத்தில் கணக்கை எழுதிவிட்டார்கள், அது தானே நடக்கிறது. விலை சரிந்தபோது என்ன செய்தார்கள் என்று கேட்டேன். இறக்கவில்லையாம், 2006-இல் இருந்து 2016 வரை 4,17,000-இலேயே நிறுத்தி வைத்து, விலை மீண்டும் பழைய உயரத்தைத் தாண்டிய பிறகுதான் ஏற்றினார்களாம். அமெரிக்கா செய்வதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன், 2008-இல் வீட்டுக் கடனாலேயே உலகத்தைக் கவிழ்த்தவர்கள். ஆனால் கோட்டை விலையோடு கயிறு கட்டி வைத்த இந்த ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது.

நம்மிடம் அதற்குக் கணக்கு இல்லையா? ரிசர்வ் வங்கியே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது, சென்னை அதில் உண்டு. நம் பதிவுத் துறையிடம் ஒவ்வொரு தெருவுக்கும் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. அதையும் சும்மா வைத்திருப்பதில்லை. 2012-இல் ஏற்றினார்கள், 2017-இல் 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-இல் இருந்து 4 ஆக்கினார்கள், 2023-இல் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். நம்மிடம் வாங்க வேண்டிய வரி என்றால் கோடு தாராளமாக நகர்கிறது என்று ஒருவர் கேலி செய்யலாம். நான் செய்யவில்லை.

நின்றுபோன கோடுகள் இன்னும் உண்டு. வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு 2 லட்சம் என்று வைத்தது 2014-இல். 30 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீதம் என்றால் முதல் வருஷ வட்டியே இரண்டரை லட்சம் வருகிறது. அதுவும் பழைய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு மட்டும். ஜி.எஸ்.டி.யில் ஒரு சதவீதம் மட்டும் கட்டக்கூடிய மலிவு வீடு என்பதற்கு 45 லட்சம் வரம்பு வைத்தது 2019-இல், இன்னும் அதே 45. கூட்டுறவு வங்கிகள் கதை இதைவிட மோசம். மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் தனிநபருக்குக் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு 2009-இல் 20 லட்சம், 30 லட்சம் என்று வைத்ததை 2022 ஜூனில்தான் 50, 75 ஆக்கினார்கள். பதின்மூன்று வருஷம்! நான் வீடு கட்டியது ஒரு கூட்டுறவுச் சங்கக் கடனில்தான். அங்கே கொடுத்த வரம்புக்குள் தளம் மட்டும் போட முடிந்தது, பூச்சுவேலைக்கு உங்கள் டீச்சரம்மாவின் வளையல் போயிற்று. பூசாத சுவரோடு இரண்டு மழைக்காலம் இருந்தோம். டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் செங்கல் சுவர் நினைவிருக்கும், சாக்பீஸால் அதில் எழுதித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அரசு ஊழியர் முன்பணம் மட்டும் கொஞ்சம் நகர்கிறது. 2023 பட்ஜெட்டில் 40 லட்சத்தை 50 ஆக்கினார்கள். சங்கம் இருக்கிறது, கேட்கிறார்கள், நகர்கிறது. தனியார் கம்பெனியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு யார் கேட்பார்கள்?

எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும். வரம்பை ஏற்றினால் விலையும் ஏறும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஃபிளாட் விளம்பரங்களைப் பார்த்தால் 44 லட்சத்து 90 ஆயிரம் என்று போட்டிருப்பான். கோடு எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு விரற்கடை கீழே விலை வந்து உட்கார்ந்துகொள்ளும். கைக்காசு போட்டு வாங்குகிறவன் வீட்டை விட்டு ஓட மாட்டான் என்பதும் உண்மை, அதற்காகத்தான் இந்த 80, 90 விதியே. 30 லட்சத்தை எட்டரை சதவீதத்தில் இருபது வருஷம் கட்டினால் மாதம் 26,035 ரூபாய், மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். இன்னும் அதிகமாகக் கடன் வாங்குங்கள் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது அது இல்லை. 90 சதவீதத்தை 95 ஆக்கச் சொல்லவில்லை. சிறிய கடன் என்று 2015-இல் எதைச் சொன்னீர்களோ, அதே சிறிய கடனை இன்றைய விலையில் சொல்லுங்கள் என்கிறேன். கோட்டை நகர்த்தாமல் விடுவதும் ஒரு முடிவுதான். யாரும் கையெழுத்துப் போடாத முடிவு. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள், எந்தச் செய்தித்தாளிலும் அது வராது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை தடாலென்று ஏற்றினால்தான் விலையும் தடாலென்று அதைப் பிடிக்க ஓடுகிறது. வருஷா வருஷம் கொஞ்சமாக, மாவட்ட வாரியாக நகர்ந்தால் யார் அதைப் பிடித்துத் தொங்கப் போகிறார்கள்?

கோடு நிற்கும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று இந்த மூன்று வாரத்தில் பார்த்தேன். புரோக்கர் சொன்னார், "பத்திரத்தில் 40 லட்சம் என்று காட்டுவோம் சார், 80 சதவீதம் 32 வந்துவிடும்." காட்டாத காசைக் காட்டி, அதற்கு 9 சதவீதம் பத்திரச் செலவும் கட்டி! வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இன்னொருவர் பர்சனல் லோன் போடச் சொன்னார். வீட்டுக் கடனில் எட்டரைக்குக் கிடைக்காத பணம் பர்சனல் லோனில் பதினான்குக்குக் கிடைக்கிறது. அதிகக் கடன் ஆபத்து என்று போட்ட கோடு, ஆளை அதைவிட ஆபத்தான கடனுக்கு அனுப்பிவைக்கிறது. இதை ரிசர்வ் வங்கியில் யாராவது யோசித்திருப்பார்கள், அங்கே இருப்பவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். ஆனால் பத்து வருஷம் யோசிக்கக் கூடாது.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் இருக்கும் பிள்ளைகள், "சார், உங்களுக்காவது கோடு இருக்கிறது" என்பீர்கள். தெரியும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை வேறு. குப்பத்தில் பட்டாவே கைக்கு வராத வீடுகளுக்கு முப்பது லட்சமும் ஒன்றுதான், மூவாயிரமும் ஒன்றுதான். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் டெபாசிட் ஒன்றை உடைத்து 1 லட்சத்து 74 ஆயிரம் கொடுத்தேன். 2019-இல் இதைவிட ஏழாயிரம் குறைவாகக் கொடுத்திருந்தால் 27 லட்சத்தில் முடிந்திருக்கும், அப்போது எனக்குப் புத்திமதி சொல்லத்தான் தோன்றியது. திருப்பித் தர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மாதம் மூவாயிரம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அட்டவணை போட்டு, கையெழுத்திட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டான். கூட்டலில் ஒரு இடத்தில் தப்பு, சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவராக அன்றைக்கு ஊரில் இருக்கிற யாராவது ஆதாரை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வர முடியுமா? டோக்கன் கிடைத்ததும் தேதி சொல்கிறேன். காபி என் செலவு.